துப்பாக்கி இருந்தால்தான் உள்ளே

6,800 சொச்சம். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனைப் பற்றி யார் எழுதினாலும் இந்த எண் எங்கேயாவது வந்துவிடும். 1991-இல் தொடங்கி 2002 ஜனவரியில் முடிந்த உள்நாட்டுப் போரின் கடைசியில் சுமார் 72,000 பேர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் இத்தனை பேர். முகாமுக்கு வந்து, வரிசையில் நின்று, பெயரைப் பதிந்துகொண்ட பிள்ளைகளின் கணக்கு இது. எண்ணில் பெரிய பிழை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. இருந்தும் சில மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருப்பது இதுதான்.

அரிப்பை ஆரம்பித்து வைத்தவள் என் அக்கா மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது பல பள்ளிகளில் மாதிரி ஐ.நா. சபை என்று ஒன்று நடத்துகிறார்கள் அல்லவா, அதில் அவளுக்கு ஒதுக்கிய நாடு சியரா லியோன். தலைப்பு, போரில் குழந்தைகள். அமெரிக்காவும் ரஷ்யாவும் கிடைத்த பிள்ளைகள் கோட் தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். இவளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பள்ளியில் கொடுத்த ஒற்றைத்தாள் பின்னணிக் குறிப்போடு என்னிடம் வந்தாள். பரப்பளவு 71,740 சதுர கிலோமீட்டர். தலைநகர் ஃப்ரீடவுன். 1961 ஏப்ரல் 27-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. அப்புறம் வைரம், போர், வெட்டப்பட்ட கைகள், குழந்தைப் போராளிகள், எபோலா. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் படித்து முடித்தபோது ஒரு நாட்டைப் பற்றிப் படித்த மாதிரி இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் கேஸ் ஷீட்டைப் படித்த மாதிரி இருந்தது.

அவள் கணக்கில் கெட்டிக்காரி. எண்ணைப் பார்த்தால் சும்மா விடமாட்டாள். தாளின் அடியில், முகாம்களுக்கு வந்த பிள்ளைகளில் சிறுமிகள் 500 சொச்சம் என்று ஒரு வரி இருந்தது. பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, பையனையும் பொண்ணையும் சேர்த்துத்தான் பிடிச்சிட்டுப் போனாங்கன்னு மேல போட்டிருக்கு. கீழ பார்த்தா நூத்துக்கு ஏழு பேர்தான் பொண்ணு. மத்தவங்கல்லாம் எங்க போனாங்க?"

என்னிடம் பதில் இல்லை. 'செத்துப் போயிருப்பார்கள்' என்று சொல்ல வாய் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அது சரியான பதிலும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

குறிப்பில் இல்லாத ரயில்

அந்தத் தாளைப் பற்றி ஒரு புகார் சொல்லிவிட்டுப் போகிறேன். வைரத்தால் வந்த போர் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். நம் ஊரில் சியரா லியோன் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவதும் ரத்த வைரம்தான். கோனோ மாவட்டத்தில் 1930-இலேயே வைரம் கிடைத்துவிட்டது. 1972-இல் கிடைத்த 'சியரா லியோனின் நட்சத்திரம்' 968.9 காரட், கிட்டத்தட்ட 200 கிராம். கிளர்ச்சியாளர்கள் வைரம் விற்றுத் துப்பாக்கி வாங்கியது உண்மை. ஆனால் போர் முடிந்த பிறகு அந்த நாடே அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வைரத்தை மூலகாரணம் என்று ஏற்கவில்லை. வைரம் நெருப்புக்கு எண்ணெய் ஊற்றியது, நெருப்பு மூண்டது ஆண்டவர்களின் ஊழலாலும் எல்லா அதிகாரத்தையும் தலைநகரிலேயே குவித்து வைத்ததாலும் என்பது அவர்கள் முடிவு.

நானாக இருந்தால் அந்தத் தாளில் வைரத்துக்கு முன்னால் ஒரு ரயில் பாதையைப் போட்டிருப்பேன். ஃப்ரீடவுனிலிருந்து கிழக்கே கைலாஹுன் மாவட்டத்துப் பெண்டெம்பு வரை ஒரு குறுகிய பாதை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கோக்கோவும் காப்பியும் பாமாயிலும் அதில்தான் துறைமுகத்துக்குப் போகும். சியாக்கா ஸ்டீவன்ஸ் ஆட்சியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, 1974-இல் மொத்தமாக நிறுத்தினார்கள். நஷ்டத்தில் ஓடுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். கிழக்கும் தெற்கும் எதிர்க்கட்சியின் கோட்டையாக இருந்ததுதான் காரணம் என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்வார்கள். ரயில் போனது, வியாபாரம் போனது, சம்பளம் ஒழுங்காக வராத வாத்தியார்கள் போனார்கள். படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் ஒரு தலைமுறை இளைஞர்கள் மிஞ்சினார்கள். 1991 மார்ச் 23 அன்று ஃபோடே சாங்கோவின் கிளர்ச்சி இயக்கமான புரட்சிகர ஐக்கிய முன்னணி லைபீரிய எல்லையைத் தாண்டி உள்ளே நுழைந்தது அதே கைலாஹுன் மாவட்டத்தின் வழியாகத்தான். அந்தப் பக்கம் அவர்களுக்கு ஆதரவாக லைபீரியக் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் நுழைந்தவர்களுக்கு உள்ளூரில் ஆள் கிடைத்ததற்கு டெய்லர் மட்டும் காரணம் இல்லை.

ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் விரும்பிச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கொஞ்ச காலத்தில் ஊர் ஊராகப் பிள்ளைகளைப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. கிளர்ச்சியாளர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அரசு ராணுவத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள், அரசின் பக்கம் நின்ற கமஜோர் வேட்டைக்காரப் படையிலும் இருந்தார்கள். சின்னப் பையன்கள் பிரிவு என்று ஒன்று, சின்னப் பெண்கள் பிரிவு என்று ஒன்று. சில பிள்ளைகளின் மார்பில் இயக்கத்தின் எழுத்துகளைக் கத்தியால் கீறினார்கள். தப்பி ஓடினாலும் அரசுப் படையோ ஊர்க்காரர்களோ பார்த்தவுடன் கொன்றுவிடுவார்கள், அதனால் ஓடமாட்டார்கள் என்று கணக்கு.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பக்கம் உண்டு. 1999 ஜூலையில் லோமே நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஐ.நா. அமைதிப்படை வந்தபோது அதன் முதல் தளபதி இந்தியரான மேஜர் ஜெனரல் விஜய் ஜேட்லி. 2000 மே மாதம் கிளர்ச்சியாளர்கள் சுமார் 500 அமைதிப்படையினரைப் பிடித்து வைத்தார்கள். கைலாஹுனில் இருந்த நம் கூர்க்கா வீரர்கள் இரண்டு மாதத்துக்கும் மேலாக முற்றுகையில் கிடந்தார்கள். ஜூலையில் நடந்த 'குக்ரி' நடவடிக்கையில் அவர்கள் மீண்டு வந்தபோது நம் செய்தித்தாள்களிலும் இடம் கிடைத்தது. அப்புறம் ஜேட்லிக்கும் அதே ஐ.நா. பணியில் இருந்த நைஜீரிய அதிகாரிகளுக்கும் மனத்தாங்கல் முற்றி, இந்தியா தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டது. சியரா லியோனும் நம் செய்தியிலிருந்து மறைந்தது. உண்மையான ஆயுதக் களைவு, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தது எல்லாம் அதன் பிறகு, 2001-இல்தான்.

வாசலில் நடந்த சோதனை

மருமகளின் கேள்விக்கு விடை முகாம் வாசலில் இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் எனக்கு அந்த 6,800 வேறு மாதிரி தெரிகிறது.

போர்ட் லோக்கோ, லுங்கி, கெனேமா, டாரு போன்ற இடங்களில் ஆயுதக் களைவு முகாம்கள் இருந்தன. வந்தவர் போராளிதான் என்று எப்படி உறுதி செய்வது? ஊரே பட்டினி கிடக்கிறது. முகாமில் சோறு, மருந்து, கைச்செலவுக்குப் பணம், தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. போருக்குப் போகாதவனும் வந்து வரிசையில் நிற்பான். அதனால் துப்பாக்கியைக் காட்டு என்றார்கள். பெரியவர்களுக்கு வைத்த விதி இது. பிள்ளைகளுக்கென்று தனி வரையறை இருந்தது. வயது ஏழுக்கும் பதினெட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். படையோடு ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். பயிற்சி எடுத்திருக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டு நிரப்பி இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விதி இல்லை. ஆனால் வாசலில் நின்ற அதிகாரிக்கு இந்த நுணுக்கமெல்லாம் பல இடங்களில் தெரியவில்லை, தெரிந்தாலும் பொருட்படுத்தவில்லை. துப்பாக்கி எங்கே என்றுதான் கேட்டார்கள்.

ஒரு படையில் யார் என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுடுகிறவன் ஒருவன் என்றால் அவனுக்குச் சோறு ஆக்க ஒருவர் வேண்டும். கொள்ளையடித்த அரிசி மூட்டையைக் காட்டுவழியே மைல் கணக்கில் சுமக்க ஒருவர் வேண்டும். தண்ணீர் எடுக்க, துணி துவைக்க, காயத்துக்கு இலை அரைத்துக் கட்ட, ராத்திரியில் தளபதியின் குடிசைக்குப் போக. இந்த வேலைகள் பெரும்பாலும் சிறுமிகள் தலையில் விழுந்தன. துப்பாக்கி தூக்கிச் சண்டையிட்ட சிறுமிகளும் நிறைய இருந்தார்கள். ஒரே சிறுமி காலையில் சமைத்து, மதியம் சண்டைக்குப் போய், இரவில் ஒருவனுக்கு மனைவியாகவும் இருந்தாள். 'புஷ் வைஃப்' என்று அங்கே அதற்குப் பெயர். கல்யாணம் இல்லை, பெற்றோர் சம்மதம் இல்லை. பிடித்து வந்த அன்றே யாராவது ஒருவனுக்கு ஒதுக்கிவிடுவார்கள். மறுத்தால் உயிர் போகும்.

சரி, இப்படிப்பட்டவள் முகாம் வாசலுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி எங்கே? சிலரிடம் எப்போதுமே இருந்ததில்லை. சிலரிடம் இருந்தது. ஆனால் ஆயுதக் களைவு வரப்போகிறது என்று தெரிந்தவுடன் தளபதிகள் அதைப் பிடுங்கித் தங்களுக்கு வேண்டியவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். போருக்கே போகாத தம்பிக்கும் மச்சானுக்கும்கூட அந்தத் துப்பாக்கி போனது, முகாமில் பணம் கிடைக்கும் அல்லவா? பிற்கட்டத்தில் ஆள் ஆளாக வராமல் குழுவாக ஆயுதம் ஒப்படைக்கலாம் என்று மாற்றினார்கள். அப்போது குழுவில் யார் யார் என்ற பட்டியலைத் தந்தது தளபதி. பெண்ணின் பெயரை அவன் எழுதினால் உண்டு. பல பேர் எழுதவில்லை. எழுதியவர்களும் மனைவி என்று எழுதினார்கள். மனைவி என்றால் சார்ந்திருப்பவள், போராளி அல்ல.

இன்னொரு பக்கம், பெண்களே வர விரும்பவில்லை. முகாமில் புகைப்படம் எடுத்து அடையாள அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டையோடு ஊருக்குப் போனால் இவள் இத்தனை வருஷம் யாரோடு இருந்தாள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். தவிர, முகாம் நிறைய இருப்பது அவள் தப்பி வந்த அதே ஆண்கள். ஆயிரக்கணக்கானவர்கள். வேலியும் தனிக் கழிப்பறையும் இல்லாத இடத்தில், கைக்குழந்தையோடு, எந்தத் தைரியத்தில் உள்ளே போவாள்?

சூசன் மெக்கே, டயன் மஸுரானா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் தோண்டினார்கள். 2004-இல் வெளிவந்த அவர்கள் ஆய்வின் தலைப்பே 'சிறுமிகள் எங்கே?' என்பதுதான். போர்க்காலம் முழுதும் எல்லாப் படைகளையும் சேர்த்துச் சுமார் 48,000 பிள்ளைகள் இருந்திருப்பார்கள், அதில் சுமார் 12,000 பேர் சிறுமிகள் என்பது அவர்கள் மதிப்பீடு. நாலில் ஒருவர். முகாம் பதிவேட்டில் நூற்றுக்கு ஏழு. விசாரித்தபோது, உள்ளே விடாததற்குப் பெண்கள் முதலில் சொன்ன காரணம் கையில் துப்பாக்கி இல்லை என்பது.

மருமகளிடம் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்போ இந்த நம்பர் குழந்தைகளோட நம்பர் இல்ல. துப்பாக்கியோட நம்பர்" என்றாள்.

உள்ளே போனவர்களுக்கு என்ன ஆனது

முகாம்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உள்ளே போன பிள்ளைகளுக்கு அங்கே நடந்தது பெரும்பாலும் நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளை என்று அடையாளம் தெரிந்தவுடன் இரண்டு மூன்று நாட்களுக்குள் பெரியவர்களிடமிருந்து பிரித்து இடைக்காலப் பராமரிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. இந்த மையங்களை யுனிசெஃப் உதவியோடு மக்கெனியின் காரித்தாஸ் போன்ற அமைப்புகள் நடத்தின. தளபதியின் கண்ணிலிருந்து பிள்ளையை மறைப்பதுதான் முதல் வேலை. அப்புறம் சொறி, மலேரியா, உடம்பில் தங்கிப்போன குண்டுத் துணுக்கு எல்லாவற்றுக்கும் வைத்தியம், காலையில் பாடம், மாலையில் கால்பந்து. ஊழியர்கள் உள்ளூர்க்காரர்கள், பலர் வேலை இழந்த ஆசிரியர்கள். 'நடந்தது உன் தப்பில்லை' என்ற வாக்கியத்தைப் பிள்ளைகளிடம் சலிக்காமல் சொன்னார்கள். முதலில் பிள்ளைகளுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வருமாம். சண்டைக்காரன் என்ற பெருமையையும் சேர்த்துப் பறிக்கிற வாக்கியம் அல்லவா அது.

மையத்தில் சில வாரங்கள் தங்கினால் போதும், அதற்குள் வீட்டைக் கண்டுபிடித்து அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டம். பலருக்கு மாதங்கள் ஆயின. ஆனாலும் அநேகமாக எல்லாருக்கும் அப்பாவோ அம்மாவோ, இல்லாவிட்டால் அண்ணனோ சித்தியோ கிடைத்தார்கள். ஊர் ஊராகப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு அலைந்ததன் பலன் அது. இன்னொரு காரணமும் உண்டு. சியரா லியோனில் பிள்ளையைப் படிக்க வைக்க உறவுக்காரர் வீட்டில் விடுவது காலங்காலமான வழக்கம். பெற்றவர்தான் வளர்க்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அதனால் பெரியப்பா வீட்டில் போய்ச் சேர்ந்த பிள்ளை அநாதையாகத் தெரியவில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பள்ளிக்கூடத் திட்டம். பெரியவர்களுக்குக் கொடுத்த மாதிரி பிள்ளைகள் கையில் பணம் கொடுக்கக்கூடாது என்று யுனிசெஃப் பிடிவாதமாக இருந்தது. கொடுத்தால் தளபதி வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். அதற்குப் பதிலாக, போரிலிருந்து வந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு நோட்டு, புத்தகம், விளையாட்டுச் சாமான் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படுகிற மாதிரி கொடுத்தார்கள். 'என் வீட்டைக் கொளுத்தியவனுக்கு இலவசப் படிப்பா?' என்று முணுமுணுக்க வேண்டிய ஊர், அந்தப் பையன் வந்தால் நம் பள்ளிக்கும் நோட்டு வரும் என்று கணக்குப் போட்டது. மனித மனதைத் தெரிந்தவர் யாரோ யோசித்த திட்டம்.

2002-இலிருந்து இந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை ஹார்வர்டின் தெரசா பெட்டன்கோர்ட் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வந்தது. காட்டில் எவ்வளவு பார்த்தார்கள், எவ்வளவு செய்தார்கள் என்பது காயமாக நிற்கிறது, சந்தேகமில்லை. ஆனால் பிற்காலத்தில் ஒருவர் எழுந்து நிற்கிறாரா என்பதில், ஊரும் குடும்பமும் எப்படி ஏற்றுக்கொண்டன என்பதற்குப் பெரிய பங்கு இருந்தது. சிறுமிகளை ஊர் ஏற்றுக்கொண்டது பையன்களைவிடக் குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

இவ்வளவும் கதவுக்கு உள்ளே போனவர்களுக்கு. வாசலிலிருந்தே திரும்பியவர்களுக்குப் புகைப்படம் இல்லை, வீடு தேடித் தர ஆள் இல்லை, அவளைச் சேர்த்துக்கொண்டால் பள்ளிக்கு நோட்டும் வராது. அவர்கள் தாங்களாகவே நடந்து வீட்டுக்குப் போனார்கள். சிலர் பிடித்து வைத்திருந்தவனோடேயே தங்கிவிட்டார்கள், கையில் அவன் குழந்தை, போக வேறு இடம் இல்லை. சிலர் ஃப்ரீடவுன் தெருவுக்கும் வைரச் சுரங்க ஊர்களுக்கும் போனார்கள், அங்கே என்ன தொழில் செய்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை. போர்ட் லோக்கோ பக்கம் சில ஊர்களில் மூத்த பெண்கள் கூடி, திரும்பி வந்தவளை மூலிகைத் தண்ணீரில் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, பாட்டுப் பாடி ஊருக்குள் அழைத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கையால் சாப்பிட்டார்கள், அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால், தீட்டுப்பட்டது அவள்தான் என்பது போல் இருக்கிறதே என்று கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெண்களிடம் கேட்டவர்களிடம், அதற்குப் பிறகுதான் தலை நிமிர்ந்து நடந்தோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பின்னர் யுனிசெஃப் உதவியோடு, விடுபட்ட சிறுமிகளுக்காகவே ஒரு திட்டம் வந்தது. போர் முடிந்து சில வருஷம் கழித்து வந்தது, எட்டியதும் கொஞ்சம் பேரைத்தான்.

நீதிமன்றம் பார்த்தது

முகாம் வாசலில் 'மனைவி' என்று எழுதி ஒதுக்கியதை போர்க் குற்றங்களை விசாரிக்க ஐ.நா.வும் சியரா லியோன் அரசும் சேர்ந்து ஃப்ரீடவுனில் அமைத்த சிறப்பு நீதிமன்றம் குற்றம் என்று எழுதியது. 2008 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வு, கட்டாயத் திருமணம் மனித குலத்துக்கு எதிரான ஒரு தனிக் குற்றம் என்று தீர்ப்பளித்தது. அது வெறும் பாலியல் அடிமைத்தனம் மட்டும் இல்லை, ஒருத்தியைப் பிடித்து மனைவி என்று பெயர் சூட்டி, சமைக்கவும் பெறவும் வளர்க்கவும் வைத்து, காலத்துக்கும் அந்தக் கறையைச் சுமக்க வைப்பது என்று பிரித்துப் பார்த்தார்கள். 2009-இல் கிளர்ச்சித் தலைவர்கள் மூவர் இந்தக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்பட்டார்கள். அதற்கு முன்பே, 2007-இல், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்ததற்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் உலகிலேயே முதன்முறையாகத் தண்டனை கொடுத்ததும் இங்கேதான். 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை விசாரிக்கச் சட்டம் இடம் கொடுத்தும், அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் தலைமை வழக்கறிஞர் டேவிட் கிரேன் பிள்ளை எவர் மேலும் வழக்குப் போடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இதெல்லாம் பெருமைப்படத்தக்க வரலாறு. ஒரு வரிகூட அந்தப் பின்னணித் தாளில் இல்லை.

பக்கத்து நாடான லைபீரியா பாடம் கற்றது. 2003-க்குப் பிறகு அங்கே நடந்த ஆயுதக் களைவில், படையோடு தொடர்புடைய பெண்களையும் பிள்ளைகளையும் துப்பாக்கி இல்லாமலே உள்ளே விட்டார்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள், அதில் 20,000-க்கும் அதிகமானோர் பெண்கள். அங்கே பிள்ளைகள் கையில் 300 டாலர் பணமாகக் கொடுத்து வேறு குழப்பத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்கள், அது தனிக்கதை. ஆனால் வாசலில் கேட்ட கேள்வியை மாற்றியவுடன் பெண்கள் எங்கிருந்தோ வந்துவிட்டார்கள் பாருங்கள்.

2015

இங்கே நிறுத்தியிருக்கலாம். மருமகளின் உரைக்கு இதுவே அதிகம், அவளுக்குக் கொடுத்தது ஒன்றரை நிமிடம். நான்தான் விடாமல் மேலே படித்தேன்.

எபோலா 2014-இல் வந்தது. சியரா லியோனில் மட்டும் சுமார் 14,000 பேரைத் தொற்றி, 4,000 பேரளவில் கொன்றது. பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தக் காலத்தில் நிறையப் பள்ளிச் சிறுமிகள் கர்ப்பமானார்கள். 2015-இல் பள்ளி திறந்தபோது, கர்ப்பிணிச் சிறுமிகள் பள்ளிக்கு வரக்கூடாது, பரீட்சையும் எழுதக்கூடாது என்று அரசு அறிவித்தது. மற்ற சிறுமிகளுக்குக் கெட்ட முன்னுதாரணம் ஆகிவிடுவார்களாம். வாசலில் ஆசிரியர்கள் வயிற்றையும் மார்பையும் தொட்டுப் பார்த்து அனுப்பியதாக அந்தச் சிறுமிகளே சாட்சி சொன்னார்கள். கொடையாளர்களின் நெருக்கடியால் தனி மையங்கள் திறந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு பாடம் மட்டும்.

வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். 2001-இல் முகாம் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவளின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு 2015-இல் பதினான்கு, பதினைந்து வயது. அம்மாவிடம் துப்பாக்கியைக் கேட்டார்கள், மகளிடம் வயிற்றைக் காட்டச் சொன்னார்கள். எல்லா மகளுக்கும் இப்படி நடந்தது என்று சொல்லவில்லை. வயது பொருந்துகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

2019 டிசம்பர் 12 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு நீதிமன்றம், இந்தத் தடை பாகுபாடு என்றும் தனி மையங்களும் பாகுபாடுதான் என்றும் தீர்ப்பளித்தது. 2020 மார்ச் கடைசியில் அரசு தடையை நீக்கியது. அதே வாரத்தில் கொரோனா வந்து எல்லாருக்கும் பள்ளியை மூடினார்கள். 2024 ஜூலையில் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் திருமணத்தைக் குற்றமாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ஜூலியஸ் மாடா பியோ கையெழுத்திட்டார். 1992-இல் ஆட்சியைக் கவிழ்த்த இளம் ராணுவ அதிகாரிகளில் அவரும் ஒருவர், பிள்ளைகளையும் வைத்துப் போரிட்ட அதே ராணுவம்.